டிரஃபால்கர் சதுக்கத்து நீர்யானை

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை மாலையில் நடந்து போகிறவருக்கு, தாம் இருப்பது லண்டன் மாநகரத்தின் கிழக்குக் கோடியிலா அல்லது மதுரை டவுன்ஹால் ரோட்டிலா என்ற சந்தேகம் ஒரு கணமாவது தோன்றாமல் இராது. முருங்கைக்காயும் வாழைப்பூவும் நடைபாதை வரையில் வந்து குவிந்திருக்கும் கடைகளும், கொத்துப் பரோட்டாத் தட்டும் ஓசையும், யாழ்ப்பாணத்துப் பேச்சும் தஞ்சாவூர்ப் பேச்சும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஏறும் பேருந்தும், சற்றுத் தள்ளி முருகன் கோவிலுமாக அந்த வீதி நம்மவருக்குச் சொந்த ஊரின் பிரமையை உண்டாக்கிவிடுகிறது. அங்கிருந்து கிழக்கே ரோடிங் ஆற்றைத் தாண்டினால் இல்ஃபோர்டு. நம்மவர்கள் வீடு வாங்குவதில் ஒருவரோடொருவர் போட்டி போடும் அந்த ஊரில், 1864-ஆம் ஆண்டில், செங்கல் சூளைக்காக மண் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில், வளைந்து சுருண்ட தந்தங்களோடு கூடிய ஒரு மாமூத் யானையின் மண்டையோடு வெளிப்பட்டது. அதன் வயது சுமார் 2,00,000 ஆண்டுகள். சர் அன்டோனியோ பிரேடி என்ற கனவான் அந்தச் சூளைகளிலிருந்து சேகரித்து வைத்த எலும்புகளோடு அதுவும் சேர்ந்து, இன்று சௌத் கென்சிங்டனில் இருக்கும் இயற்கை வரலாற்று மியூசியத்தின் சொத்தாக இருக்கிறது. நாம் தவணை கட்டி வாங்கும் மனைகளுக்கு முன்னாள் அனுபோகஸ்தர்கள் யார் என்பதை எந்தப் பத்திரத்திலும் எழுதி வைப்பதில்லை.

அந்த முன்னாள் அனுபோகஸ்தர்களின் சரித்திரத்தை எழுதுவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட விஞ்ஞானி ஒருவர் அதே ஈஸ்ட் ஹாமில் பள்ளிப்படிப்பு முடித்தவர் என்பது ஒரு சந்தோஷமான பொருத்தம். கிறிஸ் ஸ்ட்ரிங்கர் 1947-இல் பிறந்தவர். கிழக்கு லண்டனின் உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளை. மண்டையோடுகளின் மேல் சிறு வயதிலேயே அலாதியான மோகம் கொண்டவர். மருத்துவம் படிப்பதாக இருந்தவர், மனித இனவியல் என்று ஒரு பட்டப்படிப்பு இருப்பதைக் கண்டு கடைசி நேரத்தில் மனம் மாறி, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் அதில் போய்ச் சேர்ந்துவிட்டார். கையில் கிடைத்த மருத்துவப் படிப்பைக் கைவிட்டு, செத்துப் பல்லாயிரம் வருஷமான மண்டையோடுகளை அளக்கப் போகிறேன் என்று ஒரு பையன் நம் வீட்டில் சொல்லியிருந்தால் அன்று இரவு அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமா என்பது சந்தேகந்தான்.

1971-இல், ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, ஒரு பழைய மாரிஸ் மைனர் காரில் அளவுகோல்களை அள்ளிப் போட்டுக்கொண்டு, நான்கு மாத காலம், சுமார் 5,000 மைல் தூரம், ஐரோப்பாவின் மியூசியங்களையெல்லாம் சுற்றி, அவை பூட்டி வைத்திருந்த புராதன மண்டையோடுகளை ஒவ்வொன்றாக அளந்து குறித்துக்கொண்டு திரும்பினார் ஸ்ட்ரிங்கர். ஐரோப்பாவில் வாழ்ந்த நியாண்டர்தால் மனிதர்களே படிப்படியாக மாறி இன்றைய ஐரோப்பியர் ஆனார்கள் என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஸ்ட்ரிங்கரின் அளவுகளோ அந்த நம்பிக்கைக்குச் சாட்சி சொல்ல மறுத்தன. நம் இனத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அங்கிருந்து புறப்பட்டு வந்தவர்களின் வம்சமே இன்று உலகெங்கும் இருக்கிறது என்ற கொள்கையை, 1988-இல் தம் சகாவான பீட்டர் ஆண்ட்ரூஸுடன் சேர்ந்து 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக நிலைநாட்டினார். அதற்குப் பிற்பாடு மரபணு ஆராய்ச்சி வந்து, நியாண்டர்தாலின் இரத்தமும் நம்மிடம் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று காட்டியபோது, அதையும் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். பெரிய கொள்கையை ஸ்தாபித்தவர்களுக்கு அதைத் திருத்திக்கொள்ளும் மனம் இருப்பது அபூர்வம்.

ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது அந்தப் பெரிய கொள்கையைப் பற்றி அன்று; அதைக் காட்டிலும் அடக்கமானதும், என் அபிப்பிராயத்தில் அதைக் காட்டிலும் சுவாரசியமானதுமான இன்னொரு வேலையைப் பற்றி. 1973-இல் இயற்கை வரலாற்று மியூசியத்தின் நிரந்தர ஊழியரான ஸ்ட்ரிங்கர், 2001-ஆம் ஆண்டில், லெவர்ஹ்யூம் டிரஸ்டின் பொருளுதவியோடு, பிரிட்டனில் புராதன மனிதன் எப்போது வந்தான், எப்போது போனான், ஏன் போனான் என்று கண்டறிவதற்கென்று ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கினார். பிரிட்டிஷ் மியூசியத்தின் நிக் ஆஷ்டன், சிறு பிராணிகளின் எலும்பில் நிபுணரான சைமன் பார்ஃபிட், குவீன் மேரி யூனிவர்சிட்டியின் சைமன் லூயிஸ், ராயல் ஹாலோவேயில் இருந்த டானியெல் ஷ்ரீவ் என்று பல துறையினரை ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, 2013 வரையில் நடந்த அந்த முயற்சியில், மனித எலும்புகளைத் தேடுவதைவிட எலிப் பல்லையும் வண்டின் சிறகையும் தேடுவதிலேயே அதிக நேரம் செலவாயிற்று. அதற்குக் காரணம் உண்டு. 50,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனித எலும்புகள் பிரிட்டனில் கிடைத்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்: பாக்ஸ்குரோவில் ஒரு கால் எலும்பும் இரண்டு பற்களும், ஸ்வான்ஸ்கோமில் ஒரு மண்டையோட்டின் மூன்று துண்டுகள், வேல்ஸில் ஒரு குகையில் கொஞ்சம் பற்கள். இவ்வளவே ஆஸ்தி. இதைக் கொண்டு லட்சக்கணக்கான வருஷங்களின் கதையை எவ்வாறு எழுதுவது?

நம் பழைய பொருளிலக்கணம் படித்தவர்களுக்கு இவர்களுடைய வழி புதிதாகத் தோன்றாது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்து விலங்கும் பறவையும் மரமும் கருப்பொருள். அங்கு வாழும் மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். கவிஞன் கருப்பொருளைச் சொன்னால் போதும், நிலம் இன்னது, பொழுது இன்னது என்று வாசகன் தானே உணர்ந்துகொள்வான். எல்லா விஞ்ஞானமும் நம் முன்னோர்க்குத் தெரியும் என்று மார்தட்டும் கூட்டத்தில் நான் சேர்ந்தவனல்லன். இருந்தாலும், பனியுக ஆராய்ச்சியாளர் செய்வதைத் தமிழருக்குச் சுருக்கமாகச் சொல்ல இதைவிட நல்ல உபமானம் எனக்கு அகப்படவில்லை. மண்ணிலிருந்து கருப்பொருளைப் பொறுக்கி எடுக்கிறார்கள். அதிலிருந்து முதற்பொருளை அனுமானிக்கிறார்கள். பிறகுதான், மிகுந்த ஜாக்கிரதையோடு, உரிப்பொருளைப் பற்றி வாய் திறக்கிறார்கள்.

பனியுகம் என்ற சொல்லைக் கேட்டதும், உலகம் முழுவதும் ஒரே வெண்மையாக உறைந்து கிடந்த ஒரு நீண்ட இரவை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மை அப்படியன்று. சுமார் 26,00,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இந்த யுகத்தில் குளிரும் கதகதப்பும் மாறி மாறி வந்திருக்கின்றன. கடந்த 9,00,000 ஆண்டுகளாக, ஏறக்குறைய 1,00,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் அந்த மாற்றம் நடந்து வருகிறது. பூமி சூரியனைச் சுற்றும் பாதையிலும் அதன் அச்சின் சாய்விலும் உண்டாகும் மிகச் சிறிய மாறுதல்களே இந்தத் தாளத்துக்கு மூலம். ஆழ்கடலின் சேற்றில் படிந்த நுண்ணுயிர்களின் ஓடுகளில் கனமான பிராணவாயு அணுக்கள் எத்தனை, இலேசானவை எத்தனை என்று பிரித்துப் பார்த்தால், அந்தந்தக் காலத்தில் எவ்வளவு நீர் பனிக்கட்டியாகப் பூட்டப்பட்டுக் கிடந்தது என்ற கணக்கு வெளிவந்துவிடுகிறது. அதுவே இந்தத் துறையின் பஞ்சாங்கம். கடும் பனி நிலவிய கட்டங்களில் கடல்மட்டம் 120 மீட்டர் வரையில் இறங்கிவிடும். அப்போது பிரிட்டன் தீவாக இராது; ஐரோப்பாவின் ஒரு மூலையாகிவிடும். நம் பக்கத்திலும் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு, அணில் உதவியும் இல்லாமல், கால்நடையாகவே போய்விடலாம்.

பஞ்சாங்கம் இருக்கிறது, ஆனால் ஒரு மண்ணடுக்கு அதில் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் எலி வருகிறது. ஆற்றங்கரைகளில் வளை தோண்டி வாழும் வோல் என்ற குறுவால் எலியின் கடைவாய்ப் பல் ஒன்றைச் சல்லடையில் சலித்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டால், அது ஓர் அரிசி மணி அளவுக்கு மேல் இராது. பக்கவாட்டில் பார்த்தால் மடித்து வைத்த விசிறியைப் போல வரி வரியாக இருக்கும். மிகப் பழைய வோல் எலிகளுக்குப் பல்லின் அடியில் வேர் உண்டு. வேர் விட்ட பல் வளர்ச்சி நின்றுபோய், புல்லை அரைத்து அரைத்துத் தேய்ந்து, பல் தீர்ந்ததும் எலியின் ஆயுளும் தீர்ந்துவிடும். பிற்காலத்து வோல் எலிகளின் பல்லுக்கு வேரே கிடையாது. ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். இந்த மாறுதல் ஏறக்குறைய எந்தக் காலத்தில் நிகழ்ந்தது என்பது தெரியும். ஆகவே ஒரு மண்ணடுக்கில் மனிதன் செதுக்கிய கல்லும், கூடவே வேருள்ள வோல் பல்லும் இருந்தால், அது பழையது. வேரில்லாப் பல் இருந்தால், புதியது. ஆராய்ச்சியாளர்கள் இதை 'வோல் கடிகாரம்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். சஃபோக் கடற்கரையில் பேக்ஃபீல்டு என்னுமிடத்தில் கிடைத்த 32 சிக்கிமுக்கிக் கற்களின் வயது சுமார் 7,00,000 ஆண்டுகள் என்று 2005-இல் அறிவித்தபோது, அந்த வழக்கில் முக்கிய சாட்சியாக நின்றவற்றுள் இந்த எலிப் பல்லும் ஒன்று. அதுவரையில் பிரிட்டனின் மனித சரித்திரம், பாக்ஸ்குரோவைக் கொண்டு, சுமார் 5,00,000 ஆண்டுகளோடு நின்றிருந்தது. பாக்ஸ்குரோ எலிகளுக்குப் பல்லில் வேர் இல்லை.

பொழுதைச் சொல்வது எலி என்றால் சீதோஷ்ணத்தைச் சொல்வது வண்டு. வண்டின் முதுகை மூடியிருக்கும் சிறகோடு, சேற்றில் காற்றுப் படாமல் புதைந்து கிடந்தால் லட்சக்கணக்கான வருஷங்களானாலும் அழிவதில்லை. எந்த இனம் என்று அடையாளம் சொல்லும் அளவுக்குத் துல்லியமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு வண்டும் தனக்குரிய குளிரும் வெயிலும் இருக்கும் பிரதேசத்தைவிட்டு அசையாத பிடிவாதக்காரன். தென்னையும் காப்பியும் சேர்ந்து வளரும் தோட்டம் என்று ஒருவர் சொன்னால், அது உதகமண்டலமும் அன்று, இராமநாதபுரமும் அன்று, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு மலையடிவாரம் என்று நாம் ஊகித்துவிடுகிறோம் அல்லவா? அதே நியாயந்தான். பத்து இருபது இன வண்டுகள் ஒரே சேற்றில் இருந்தால், அவை அத்தனையும் இன்று சேர்ந்து வாழக்கூடிய சீதோஷ்ணம் எதுவோ, அதுவே அன்றைய சீதோஷ்ணம். ரஸ்ஸல் கூப் என்பவர் இந்த முறையை வகுத்து வளர்த்தவர்.

எலியும் வண்டும் சேர்ந்து சொன்ன சாட்சியங்களிலே மிகவும் ஆச்சரியமானது நார்ஃபோக் கடற்கரையிலிருந்து வந்தது. அந்த ஊரின் பெயரை ஹாப்பிஸ்பர்க் என்று படிக்கத் தோன்றும் விதமாக எழுதிவிட்டு, 'ஹேஸ்பரோ' என்று உச்சரிக்கிறார்கள். ஆங்கிலேயருக்கும் அவர்களுடைய எழுத்துக்கும் உள்ள பகை நாம் அறியாததன்று. அங்கே கடல் ஆண்டுதோறும் கரையை விழுங்கிக்கொண்டு வருகிறது; வீடுகள் விழுகின்றன; அப்படிக் கரை விழும்போதுதான் அடியிலுள்ள பழைய சேறு வெளியே தலைகாட்டுகிறது. 2000-ஆம் ஆண்டில், நாயோடு கடற்கரையில் உலாவப் போன ஓர் உள்ளூர்வாசியின் கண்ணில் ஒரு கைக்கோடரி பட்டது. அதைத் தொடர்ந்து நடந்த அகழாய்வின் முடிவை 2010-இல் 'நேச்சர்' பத்திரிகையில் பார்ஃபிட் முதலானோர் வெளியிட்டார்கள்: செதுக்கிய கற்கள் எழுபதுக்கு மேல், வயது 8,00,000 ஆண்டுகளுக்கும் அதிகம், ஒருவேளை 9,00,000-க்கும் மேலாக இருக்கலாம். கோடையில் இன்றைய இங்கிலாந்தைப் போன்ற வெப்பந்தான். மாரியிலோ சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே மூன்று டிகிரி வரையில் இறங்கும். ஊசியிலைக் காட்டின் ஓரத்தில், அப்படிப்பட்ட குளிரில், தீ மூட்டியதற்கோ உடுத்தியதற்கோ ஒரு தடயமும் விடாமல் மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை அதற்கு முன் சொல்லியிருந்தால் நிபுணர்களே நகைத்திருப்பார்கள். வெயில் பிரதேசங்களை விட்டு ஆதி மனிதன் வடக்கே எட்டிப் பார்க்கவில்லை என்பதே அதுவரை சித்தாந்தமாக இருந்தது.

மூன்று வருஷங்கள் கழித்து, 2013 மே மாதத்தில், அதே கரையில் அலை மணலை வாரிக்கொண்டு போன ஒரு நாளில், வற்றிய கடலின் ஓரத்துச் சேற்றில் நீள்வட்டக் குழிகள் பல தென்பட்டன. மழை ஒரு பக்கம், திரும்பி வரும் அலை ஒரு பக்கம். குழியில் தேங்கும் நீரை உறிஞ்சித் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு கோணத்திலும் புகைப்படம் எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் அந்தப் படங்களைச் சேர்த்துப் பார்த்தபோது குதிகாலும் பாதவளைவும், சிலவற்றில் விரல்களும் கூடத் தெரிந்தன. ஏறக்குறைய ஐம்பது காலடிகள். ஐந்து பேர் அளவில் இருக்கலாம். பெரியவர்களோடு குழந்தைகளும் உண்டு. அவற்றில் பெரிய பாதம், இன்றைய இங்கிலாந்துக் கடையில் எட்டாம் அளவு ஜோடு கேட்டு வாங்கும் மனிதனுடையது போன்றது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே இவ்வளவு பழைய மனிதக் காலடிகள் அதற்கு முன் கண்டெடுக்கப்பட்டதில்லை. இரண்டு வாரத்துக்குள் கடல் அவற்றை அழித்துவிட்டது.

அந்த ஐவரும் ஓர் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டித் தெற்கு நோக்கி நடந்து போனார்கள். அந்த ஆறு எது தெரியுமா? தேம்ஸ்.

லண்டனுக்கு வடகிழக்கே நூறு மைலுக்கும் அப்பால் இருக்கும் கரைக்குத் தேம்ஸ் எப்படிப் போயிற்று என்று கேட்டால், அப்போது லண்டன் இருக்கும் இடத்தில் தேம்ஸ் இல்லை என்பதுதான் பதில். பழைய தேம்ஸ் இன்றைய நகரத்துக்கு வடக்கே, செயின்ட் ஆல்பன்ஸ் பக்கமாகப் போய்க் கிழக்கே திரும்பிக் கடலில் விழுந்தது. சுமார் 4,50,000 ஆண்டுகளுக்கு முன் வந்த மகா பனிப்படலம், வடக்கிலிருந்து நகர்ந்து வந்து அந்தப் பள்ளத்தாக்கை அடைத்துவிட்டது. வழியடைபட்ட ஆறு தெற்கே தள்ளுண்டு இப்போதைய தடத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பனிப்படலம் வந்து நின்ற எல்லை எது என்பதில் நம் லண்டன் வாசகர்களுக்கு விசேஷ அக்கறை இருக்கலாம். மேற்கே பின்ச்லி, கிழக்கே ஹார்ன்சர்ச். பின்ச்லியில் வீடு கட்டக் கடைக்கால் தோண்டினால் வடதேசத்துக் கற்களைக் கலந்து பனி கொண்டுவந்து கொட்டிய களிமண் கிடைக்கிறது. அதாவது, இன்று முருகன் கோவில் இருக்கும் ஹைகேட் குன்றுக்கு இரண்டு மூன்று மைல் வடக்கே, பனிச்சுவர் வந்து நின்றிருக்கிறது. ஹார்ன்சர்ச்சில் 1892-இல் ரெயில்பாதைக்காக மேட்டை வெட்டியபோது, பனிக் களிமண் அடியிலும் தேம்ஸின் சரளை அதன்மேலும் கிடந்தது கண்ணுக்குத் தெரிந்தது. பனி முதலில் வந்தது, ஆறு பிறகு வந்தது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேறு வேண்டியதில்லை.

புதிய தடத்தில் விழுந்த தேம்ஸ், ஒவ்வொரு குளிர்ச் சுற்றிலும் சரளையைக் கொட்டியும், நிலம் மெல்ல உயர உயரத் தன் படுகையைக் கீழே அறுத்துக்கொண்டும் போனதால், அதன் இரு கரையிலும் படித்துறையைப் போலப் படிகள் உண்டாயின. படித்துறையில் நீர் வற்ற வற்ற ஒவ்வொரு படியாக வெளியே வருவது போல, மேல் படி பழையது, கீழ்ப் படி புதியது. டேவிட் பிரிட்ஜ்லாண்ட் இந்தப் படிகளை வரிசைப்படுத்தினார். டானியெல் ஷ்ரீவ் தம் டாக்டர் பட்ட ஆராய்ச்சியில் ஒவ்வொரு படியிலும் கிடைத்த பாலூட்டிகளை ஒன்றுவிடாமல் பரிசீலித்து, அந்த மகா பனிக்குப் பிறகு வந்த நான்கு வெப்பக் கட்டங்களுக்கும் தனித்தனியே ஒரு மிருகக் கூட்டம் அடையாளமாக உண்டு என்று தீர்மானித்தார். ஸ்வான்ஸ்கோம் உயரப் படியில். பர்ஃப்ளீட் அதற்குக் கீழே. ஏவ்லியும் இல்ஃபோர்டும் அதற்கும் கீழே. கடைசிப் படி டிரஃபால்கர் சதுக்கம். ஏவ்லி களிமண் குழியில் 1964-இல் கிடைத்த இரண்டு யானைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காட்டில் வாழும் நேர்த்தந்த யானை கீழே கிடந்தது; புல்வெளியில் மேயும் மாமூத் அதன்மேல், சொற்ப இடைவெளியில், கிடந்தது. இரண்டும் சந்தித்ததே இல்லை. அந்தச் சொற்ப மண்ணுக்குள் ஒரு காடு அழிந்து புல்வெளியாகிவிட்டது.

ஸ்வான்ஸ்கோமின் கதையை விரித்தால் அதுவே ஒரு கட்டுரையாகும். கென்ட் பிரதேசத்தின் அந்தச் சரளைக் குழியில், ஆல்வன் மார்ஸ்டன் என்ற பல் வைத்தியர், ஓய்வு நாட்களில் கல் பொறுக்கப் போய், 1935-இல் ஒரு மண்டையோட்டின் பின்பாகத்தைக் கண்டெடுத்தார். மறு வருஷம் அதே மண்டையின் இடப்பக்கத்தைக் கண்டெடுத்தார். இரண்டாம் உலக யுத்தம் வந்து, நார்மண்டிக்குப் போகும் கப்பல் துறைகளுக்காக அந்தச் சரளை லாரி லாரியாக அள்ளப்பட்டு, யுத்தமும் முடிந்து, 1955-இல் ஜான் வைமரும் அவருடைய நண்பர்களும் தோண்டியபோது அதே மண்டையின் வலப்பக்கம் கிடைத்தது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தின. சுமார் 4,00,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த ஜீவன், பெரும்பாலும் ஒரு பெண், நியாண்டர்தால் வம்சத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தவள் என்பது ஸ்ட்ரிங்கர் போன்றோரின் முடிவு.

இனி டிரஃபால்கர் சதுக்கம். நெல்சன் தூணின் அடியில் படுத்திருக்கும் வெண்கலச் சிங்கங்களின்மேல் ஏறிப் படம் பிடித்துக்கொள்ளாத சுற்றுலாக்காரர் இல்லை. 1950-களின் இறுதியில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கட்டடங்களுக்காக ஆழத் தோண்டியபோது, சரளைக்குள்ளே நிஜமான சிங்கத்தின் எலும்பு கிடைத்தது. நேர்த்தந்த யானை, காண்டாமிருகம், கழுதைப்புலி, எல்லாவற்றுக்கும் மேலாக நீர்யானை கிடைத்தது. 1,25,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைக்கும் அதிகமான வெப்பம் நிலவிய கட்டத்தில், நீர்யானைகள் தேம்ஸில் மூழ்கிக் கிடந்தன; கரையில் நீர்ப்பழமாகிய சிங்காரக்கொட்டை விளைந்தது. மனிதனுக்கு இதைவிடச் சுகவாசமான காலம் இங்கிலாந்துக்கு வாய்த்ததேயில்லை. ஆயினும் அந்தக் கட்டத்து மண்ணில், நாடு முழுவதும் சலித்துப் பார்த்தும், மனிதன் செதுக்கிய கல் அகப்படவில்லை. அந்தக் கூட்டத்தில் குதிரையும் இல்லை. ஆகவே இந்தத் துறையினர் நீர்யானை எலும்பைக் கண்டால், இங்கே மனிதனைத் தேடிப் பயனில்லை என்று தெரிந்துகொள்கிறார்கள். 1,80,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 60,000 ஆண்டுகளுக்கு முன் வரையில், ஏறக்குறைய 1,20,000 வருஷ காலம், பிரிட்டனில் மனித வாசனையே இல்லை என்பது ஸ்ட்ரிங்கர் குழுவின் முடிவு. டார்ட்ஃபோர்டு அருகே கிடைத்த இரண்டு கற்சில்லுகளைக் காட்டி இதை மறுத்தவரும் உண்டு. இரண்டு சில்லுகளைக் கொண்டு இத்தனை பெரிய வெறுமையை நிரப்பிவிட முடியுமா என்பது என் சொந்த ஐயம்.

கொட்டிக் கிடந்த இன்பத்தை அனுபவிக்க மனிதன் ஏன் வரவில்லை? வர வழியில்லை. ஒரு காலத்தில் டோவரையும் கலேயையும் ஒரு சுண்ணாம்புப் பாறைத் தொடர் கரைபோல இணைத்திருந்தது. 4,50,000 ஆண்டுகளுக்கு முன் வந்த அதே பனிக்கு இந்தப் புறம் தேங்கிய பெரிய ஏரி அந்தக் கரையை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. பிற்பாடும் ஒருமுறை உடைப்பெடுத்து, கால்வாய் அகன்றது. இந்த மகா வெள்ளத்தின் தழும்புகளைக் கடலடியில் ஒலியலைகளால் அளந்து, 2007-இல் உலகுக்குக் காட்டியவர்கள் லண்டன் இம்பீரியல் காலேஜின் சஞ்சீவ் குப்தாவும் அவருடைய சகாக்களும். அதன் பிறகு, குளிர் விலகிப் பனி உருகும்போதெல்லாம் கடல் உயர்ந்து கால்வாய் நிரம்பிவிடும். தெற்கே ஒதுங்கியிருந்த மனிதர்கள் வடக்கே வந்து சேர்வதற்குள் கதவு சாத்தப்பட்டுவிட்டது, முந்திக்கொண்ட நீர்யானைகள் உள்ளே, மனிதர்கள் வெளியே. பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு விலகுவதைப் பற்றி 2016-இல் நடந்த வாக்கெடுப்பு இந்த விஷயத்தில் மிகவும் காலதாமதமானது.

இப்படியாக, மனிதர்கள் இந்த நாட்டுக்குச் சுமார் பத்து முறை வந்திருக்கிறார்கள். கடைசி வரவைத் தவிர மற்ற ஒவ்வொரு முறையும் குளிர் அவர்களை விரட்டியோ அழித்தோ விட்டிருக்கிறது. 60,000 ஆண்டுகளுக்கு முன் திரும்பி வந்த நியாண்டர்தால்கள் நார்ஃபோக்கின் லின்ஃபோர்டில் மாமூத் எலும்புகளோடு தம் கைக்கோடரிகளை விட்டுச் சென்றார்கள். 14,700 ஆண்டுகளுக்கு முன் செடார் பள்ளத்தாக்கின் கஃப் குகையில் நம் இனத்தவர் சிலர், இறந்தவரின் மண்டையோட்டைச் சீராகச் செதுக்கிக் கிண்ணமாக்கியிருக்கிறார்கள். அவர்களும் அடுத்த குளிரில் மறைந்தார்கள். இப்போதைய குடியிருப்புக்கு வயது 11,700 ஆண்டுகள் கூட நிரம்பவில்லை. அதே குகையில் 1903-இல் கண்டெடுத்த, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட செடார் மனிதனின் மரபணுவைப் பரிசோதித்து, அவனுக்குத் தோல் கறுப்பு அல்லது கரும்பழுப்பாகவும் கண் நீலமாகவும் இருந்திருக்கலாம் என்று 2018-இல் அறிவித்தபோது இங்கே சில வீடுகளில் காலைப் பலகாரம் தொண்டையில் இறங்கவில்லை.

இவர்களுடைய வயதுக் கணக்கைக் கேட்டு மலைக்கும்போது, நம் ஊரையும் நினைக்காமல் இருக்க முடியாது. ஆதி மனிதன் அழிந்துபோன விலங்குகளோடு வாழ்ந்தான் என்ற உண்மையை ஜோசப் பிரெஸ்ட்விச்சும் ஜான் எவன்ஸும் 1859-இல் லண்டன் விஞ்ஞான சபைகளில் நிரூபித்த செய்தி கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. அதைப் படித்துக் கண்ணைத் தரையில் நட்டுக்கொண்டு நடந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியை எடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங்குடன் சேர்ந்து, திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார். அங்கே சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல ஆண்டுகள் தோண்டி, கற்களில் விண்கதிர்கள் விட்டுச்சென்ற தடயத்தை அளக்கச் செய்து, 2011-இல் வெளியிட்ட வயது சுமார் 15,00,000 ஆண்டுகள். கொற்றலையாற்றங்கரைக்குப் பனி வந்ததில்லை. விரட்டும் குளிரும் இல்லை. ஆனால் நம் மண்ணின் வெப்பமும் ஈரமும் எலும்பை அவ்வளவாக விட்டுவைப்பதில்லை. அத்திரம்பாக்கத்தில் விலங்குப் பற்கள் சிலவும் குளம்படிகளுந்தான் மிஞ்சின. அவர்களிடம் கருப்பொருள் மிகுதி, கல் கொஞ்சம். நம்மிடம் கல் மலைமலையாக இருக்கிறது, கருப்பொருள்தான் இல்லை.

லண்டனின் முதல் கைக்கோடரியைக் கண்டவரும் பேராசிரியர் அல்லர். சுமார் 1679-இல், கிரேஸ் இன் லேன் அருகே யானை எலும்போடு கிடந்த அந்தக் கல்லை எடுத்தவர் ஜான் கான்யர்ஸ் என்ற மருந்துக்கடைக்காரர். அது 3,50,000 ஆண்டுப் பழமையுடையது. ரோமச் சக்கரவர்த்தி கிளாடியஸ் கொண்டுவந்த யானையை ஒரு பிரிட்டானியன் அந்தக் கல்லால் அடித்துக் கொன்றிருக்க வேண்டும் என்று அவருடைய நண்பர் ஜான் பாக்ஃபோர்டு 1715-இல் எழுதிவைத்தார். விளக்கம் தவறு, கல் பத்திரமாக இருந்ததால் விளக்கத்தைப் பிற்காலத்தார் திருத்த முடிந்தது. அது இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

மருந்துக்கடைக்காரர், பல் வைத்தியர், நாயோடு உலாவப் போனவர் என்று பார்த்தால், அடுத்த கல் நம்மவர் ஒருவரின் காலில் தட்டுப்படாது என்று சொல்வதற்கில்லை. நார்ஃபோக் கடற்கரைக்குக் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களோ, விடுமுறையில் ஊருக்குப் போய்த் திருவள்ளூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் நடக்கிறவர்களோ, இலை வடிவில் இருபுறமும் செதுக்கின கல்லொன்றைக் கண்டால், தோண்டிப் பார்க்க வேண்டாம். கிடந்த இடத்தைக் குறித்து, கிடந்தபடியே ஒரு படம் எடுத்துக்கொண்டு, இங்கேயானால் பக்கத்து மியூசியத்திலும், அங்கேயானால் எழும்பூர் மியூசியத்திலும் தெரிவியுங்கள்.